மூன்று பேருக்கு ஒரு மேஜை

எங்கள் வருஷச் சாப்பாட்டுக்கு நாள் குறித்தது ஒரு திங்கட்கிழமை. அடுத்த வாரம் ஞாயிறு, மதியம் ஒரு மணி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தியன் ரெஸ்டாரன்ட். வாட்ஸ்அப் குழுவில் நான்தான் எழுதினேன். ஊசி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். கேப்டன், "எந்த ஞாயிறு?" என்று கேட்டாள். சொன்னேன். சாயங்காலம் மறுபடியும், "இந்த ஞாயிறா, அடுத்த ஞாயிறா?" என்றாள். அதையும் சொன்னேன். மறுநாள் காலையில் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது: "என்னடி, இந்த வருஷம் சாப்பாட்டைப் பத்தி ஒருத்தியும் வாயைத் தொறக்கல? என்னைக் கழட்டி விட்டுட்டீங்களா?"

ஊசி பதில் போட்டாள்: "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்துச்சே கேப்டன், வண்டியை சர்வீஸுக்கு விட்டப்போ அதையும் சேத்து விட்டுட்டியா?"

மூன்று பேரும் சிரித்தோம். கேப்டனின் அந்தக் குரல் பதிவு ஊசியின் போனில் இன்னும் இருக்கிறது. அழிக்கவும் மாட்டேன் என்கிறாள், கேட்கவும் மாட்டேன் என்கிறாள்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில், அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தவர்கள் நாங்கள். நடுக்கட்டில்காரி வலி எடுத்ததும் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவள். அவள் புருஷனுக்கு அன்றைக்கும் ஓட்டத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. வலி வரும்போது வண்டியை ஓரம் கட்டி, வலி தணிந்ததும் எடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டுக்குள் பிசகாமல் நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தாள். "வாங்க கேப்டன்" என்றாளாம் நர்ஸ். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து ஃப்ரேம் மாட்டிக் கொடுப்பவள், அதனால் எனக்குக் ‘கண்ணு’. மூன்றாமவள் துணி பிடித்துத் தைப்பவள், நாக்கிலும் முனை உண்டு, அதனால் ‘ஊசி’. வார்டில் கொடுத்த உப்புச் சப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டே, வெளியே போனதும் மூன்று பேரும் மூக்கில் தண்ணி வரக் காரமாக ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று சபதம் போட்டோம். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போன இடம்தான் அந்த ரெஸ்டாரன்ட். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறியதில்லை.

கேப்டன் பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பதினாலு பிள்ளைகள், காலையும் சாயங்காலமும். வேனில் ஒரு கீறல் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மேஜை சொல்லி வைக்க ரெஸ்டாரன்ட்டுக்குப் போன் போட்டேன். கல்லாவில் இருப்பவர் எடுத்தார். வருஷக்கணக்கில் பார்த்த முகம், கேட்ட குரல்.

"மூணு பேருக்கா? நிஜமாவே வருவீங்களா?" என்றார்.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த வேன் ஓட்டுற அம்மா நாலு ஞாயிறா வர்றாங்க. மூணு பேருக்கு மேஜை போடச் சொல்லி, ஒரு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் உக்காந்திருக்காங்க. தண்ணி மட்டும்தான். சாப்பிடச் சொன்னா, ‘அவளுங்க வந்துடட்டும், வழியில மாட்டிருப்பாளுங்க’ன்னுடறாங்க. வரலேன்னா ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா? என்ன சிநேகிதமோ!"

நாங்கள் நாள் குறித்ததே நேற்றைக்குத்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. "இந்த வாட்டி வந்துடுவோம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். கையில் ஒருவருடைய கண்ணாடி இருந்தது. அதன் திருகாணி எங்கே விழுந்தது என்று தரையெல்லாம் தேடி, கடைசியில் என் உள்ளங்கையிலேயே கண்டெடுத்தேன்.

ஊசியைக் கூப்பிட்டேன். தையல் மிஷின் சத்தம் நிற்கவே இல்லை.

"நாலு ஞாயிறு தனியா போய் உக்காந்திருக்காடி."

"ஏதோ குழம்பிருப்பா. வயசானா மறதி வராதா? போன வாரம் நான் ஒரு ஆளோட பேன்ட்ல ரெண்டு காலையும் சேத்து ஒண்ணா தைச்சுட்டேன். அதுக்காக என்னை ஆஸ்பத்திரில சேப்பியா?"

"இது அது மாதிரி இல்லடி."

"உனக்கு எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தே பழக்கம்" என்றாள். மிஷின் அப்போதுதான் நின்றது. "அவ ஸ்கூல் வேன் ஓட்டுறா, இல்ல?" என்றாள், ஏதோ இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவள் போல.

எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்த வருஷத்தில் மட்டும் கேப்டன் மூன்று தடவை என் கடைக்கு வந்திருந்தாள். எழுத்து தெரிகிறது, ஆனால் பிடிபடவில்லை என்பாள். ரோட்டுப் பலகையைப் பார்த்தால் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் ஆகிறது என்பாள். மூன்று தடவையும் நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணையும் மூடித் திறந்து பார்த்தேன். பவர் இம்மியும் மாறவில்லை. "கண்ணுக்கு ஒண்ணுமில்லடி, கழுகுக் கண்ணு உனக்கு" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். கண்ணில் கோளாறில்லை என்றால் வேறெங்கே என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

வியாழக்கிழமை காலையில் அவள் வேன் புறப்படும் இடத்துக்குப் போய், "பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு வேலை இருக்கு, ஏத்திக்கிறியா?" என்றேன். "ஏறுடி, டிக்கெட் கிடையாது" என்றாள். முன் சீட்டில் அவள் புருஷன் இருந்தார். குடிநீர் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் சும்மா இருந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று மூன்று மாதமாக அவளோடு வந்துகொண்டிருந்தார். மடியில் ஒரு நோட்டு. என்னைப் பார்த்ததும் அதை மூடி விரலை உள்ளே அடையாளமாக வைத்துக்கொண்டார்.

அவள் ஓட்டினாள். எப்போதும் போலவே, கை தானாகக் கியர் மாற்றியது. கண்ணாடியைப் பார்த்து பின்னால் வரும் சைக்கிளுக்கு வழி விட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்லா இருக்கிறவளை வேவு பார்க்க வந்துவிட்டோமே என்று.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் உரக்க, "எல்லாரும் சொல்லுங்க, நாம இப்போ எங்க போறோம்?" என்றாள்.

"ஸ்கூலுக்கு!" என்று பிள்ளைகள் கூவின.

"எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்டு!"

வண்டி இடது பக்கம் திரும்பியது. பிள்ளைகள் கை தட்டின. நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த முனையில் மறுபடி, "இப்போ எந்தப் பக்கம்?" "நேரா!" அடுத்த முனையிலும். என் பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம், "தினமும் இந்த விளையாட்டா?" என்று கேட்டேன். "ஆமா ஆன்ட்டி. தப்பா சொன்னா மிஸ் தப்பாவே போயிடுவாங்க. ஒரு நாள் ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டோம்" என்றாள். அவளுக்கு அது பெரிய குஷி.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பெரிய சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கேப்டன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ புரியாத பாஷையில் கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் தேடுகிற முகம். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "போம்மா" என்றார். அவள் போனாள். அடுத்த தெருவில் ஒரு வாசலில் பையன் ஒருவன் பையோடு நின்று கை காட்டினான். வண்டி அவனைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணன் நோட்டைத் திறந்து, அதில் எழுதி வைத்திருந்த பிள்ளைகளின் வரிசையைப் பார்த்து, "ஒண்ணு விட்டுட்டோம், ரிவர்ஸ் எடு" என்றார். அவள் பின்னால் எடுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பையன் ஓடி வந்துகொண்டிருந்தான், வண்டியை நோக்கியே. எங்கேயும் இடிக்காமல் நின்றது. பின் சக்கரத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் டயர்களைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் அண்ணனைச் சுவரோரம் ஒதுக்கினேன்.

"எவ்வளவு நாளாண்ணே?"

அவர் தெரியாதது போல நடிக்கவில்லை. "வருஷத்துக்கு மேல இருக்கும். வண்டில நான் உக்கார ஆரம்பிச்சு மூணு மாசம்."

"டாக்டர்கிட்ட?"

"போனா என்ன சொல்வாங்கன்னு தெரியும். முதல்ல சாவியை வாங்கிடுவாங்க." நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "தங்கச்சி, வீட்ல அடுப்பைப் பத்த வச்சுட்டு எதுக்குப் பத்த வச்சோம்னு நிக்குறா. பையன் போன் பண்ணா யாருன்னு என் முகத்தைப் பாக்குறா. ஆனா இந்த சீட்ல உக்காந்துட்டா அவ அவளா இருக்கா. வண்டி போச்சுன்னா அவளும் போயிடுவா. வருஷ லீவுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. அதோட நானே நிறுத்திடறேன். ஆறு வாரம்."

"பதினாலு பிள்ளைங்கண்ணே."

"நான் பாத்துக்கறேன்ல?"

"உங்களுக்கு பிரேக் எங்க இருக்குன்னே தெரியாதே!"

அந்தப் பக்கத்திலிருந்து கேப்டன், "என்ன அண்ணனும் தங்கச்சியும் ரகசியம் பேசுறீங்க? எனக்குப் பொறந்தநாளா?" என்று கூவினாள்.

அன்றைக்கு ஊசியின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் குத்தி வைத்தாள். "நான் இதுல வரல. சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த தைரியம் கிடையாது" என்றாள். பேச்சில் அவ்வளவு கூராக இருப்பவள் அப்படிச் சொன்னது எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அவளாவது உள்ளதைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை காது கொடுத்துக் கேட்டார். குறித்துக்கொண்டார். "அவங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, பக்குவமா சொல்லுங்க. என் பேரு வேண்டாம்" என்றேன். "கவலைப்படாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை காலையில், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே, பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேர் வேனை மறித்து இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். வேறு டிரைவர் ஏறினான். அவளுடைய தண்ணீர் பாட்டிலையும் சீட்டில் போட்டிருந்த துண்டையும் கையில் கொடுத்தார்கள். வண்டி உள்ளே போனபோது பிள்ளைகள் ஜன்னல் வழியாக டாட்டா காட்டியிருக்கிறார்கள். அவளும் காட்டியிருக்கிறாள். இதெல்லாம் அவளே போனில் அழுதுகொண்டு சொன்னது. அவள் அழுது நான் கேட்டதில்லை. பிரசவ வார்டில்கூட அவள் அழவில்லை.

ஊசி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தள்ளிவைப்போம் என்றாள். கேப்டன் விடவில்லை. "வேலைதானே போச்சு, வாயா போச்சு? கண்டிப்பா போறோம்" என்றாள்.

போனோம். அண்ணன் டாக்சியில் கொண்டுவந்து விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கல்லாக்காரர் எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்து, மூலை மேஜையை மறுபடி துடைத்துக் கொடுத்தார். சோறு வந்தது, பருப்பு வந்தது, ரொட்டி வந்தது, சிவக்கச் சிவக்க ஒரு கறி வந்தது. கேப்டன் அன்று தெளிவாக இருந்தாள். ஊசியின் மகனுக்குப் பெண் பார்ப்பது பற்றி விசாரித்தாள், என் முழங்கால் வலியைக் கேட்டாள். நான் தப்பு செய்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

பிறகு அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரோ போட்டுக் குடுத்திருக்காடி. நான் பிள்ளைங்களைத் தப்பா ஓட்டிட்டுப் போறேன்னு. பதினெட்டு வருஷம். எந்தப் பாவி அவ? அவ கை வெளங்குமா?"

ஊசி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பருப்பைச் சோற்றில் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நான்தாண்டி" என்றேன்.

கேப்டன் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"அன்னிக்கு வண்டில வந்தேனே, பாத்தேன். அந்தப் பையன் பின்னால ஓடி வந்தான்..."

"எந்தப் பையன்?"

சொன்னேன். ரெஸ்டாரன்ட்காரர் சொன்ன நாலு ஞாயிற்றையும் சொன்னேன். அவள் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். கையை டிஷ்யூவில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அவர்கிட்ட சொன்னே. இவகிட்ட சொன்னே. ஸ்கூல்ல போய்ச் சொன்னே. ஊரு பூரா சொல்லிருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? ‘கேப்டன், உனக்கு என்னமோ ஆகுது’ன்னு ஒரு வார்த்தை? நானே சாவியைக் கழட்டிக் குடுத்திருப்பேனே."

பள்ளிக்கூடத்தில் சொன்னது சரி என்று யார் முன்னாலும் நின்று சொல்வேன். அவளிடம் சொல்லாமல் போனது பயம்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஒரு அந்நிய அம்மாளிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

அவள் எழுந்து வெளியே போய், வெயிலில் நடைபாதையில் நின்றாள், அண்ணன் வரும் வரைக்கும். நாங்கள் கூப்பிட்டும் திரும்பவில்லை. அந்த மேஜையில் யாரும் முழுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. "ஞாயித்துக்கிழமை சாப்பாடு இருக்குல்ல? எனக்கு வண்டி இல்லடி இப்போ. யாரோ பாவி போட்டுக் குடுத்துட்டா. பஸ்ஸுலதான் வரணும்."

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரண்டு மூன்று வருஷமாகவே மூளை சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்றார். வண்டி ஓட்டியிருந்தாலும் ஓட்டாவிட்டாலும் இது இப்படித்தான் போயிருக்கும் என்றாராம். ஆனால் அண்ணன் சொன்னதுதான் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. சாவி போன இரண்டே மாதத்தில் அவள் பாதியாகிவிட்டாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டதை மறந்தாள், சாப்பிடாததையும் மறந்தாள். காலை ஆறு மணிக்கு எழுந்து வாசலில் போய் நின்று பிள்ளைகள் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பேர்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பையன் வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான்.

ஒரு நாள் அண்ணன் என் கடைக்கு வந்தார். அவள் மிதித்து உடைத்த கண்ணாடியை மேஜையில் வைத்தார். நான் கையைப் பார்க்க, அவர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்க்க, ஃப்ரேமை நிமிர்த்திக் கொடுத்தேன்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. அதையும் மறைக்க மாட்டேன்."

"சரிண்ணே."

"ஞாயித்துக்கிழமையானா சாப்பிடப் போகணும்னு ஒரே பிடிவாதம். நீங்க கூட்டிட்டுப் போங்க. எனக்கு ரெண்டு மணி நேரம் தூங்கணும் தங்கச்சி. நான் தூங்கி ரொம்ப நாளாச்சு."

அப்படித்தான் வருஷத்துக்கு ஒரு முறை என்பது வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் ஊசியும் நானும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஞாயிறும், சாப்பாட்டு நடுவில், "யாருடி என்னைப் போட்டுக் குடுத்தது?" என்று கேட்டாள். முதல் தடவை உண்மையைச் சொன்னேன். அவளுக்கு அது அப்போதுதான் தெரிந்த செய்தி. முகம் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்றாள். அடுத்த வாரமும் சொன்னேன், அதே முகம். மூன்றாவது வாரம் நான் சொல்லி முடிக்கும் முன் எழுந்து நேரே ரோட்டில் இறங்கிவிட்டாள். பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "கண்ணு தெரியலையா?" என்று கத்தினான். ஊசி ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அண்ணனிடம் சொன்னபோது, "இனிமே அவகிட்ட சொல்லாதே" என்றார். "ஒரு தடவை குத்தினது போதும். வாரா வாரம் எதுக்குக் குத்துறே? உன் மனசு லேசாகணும்னா?"

அது உண்மையாகவும் இருக்கலாம். நான்காவது ஞாயிறு அவள் கேட்டபோது, "தெரியலடி" என்றேன்.

கேப்டன் மெல்லத் தலையை ஆட்டினாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் ஊசியைப் பார்த்தாள். ஊசிக்கு என் பொய் தாங்கவில்லை போலிருக்கிறது, தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டாள்.

"இவதான்" என்றாள் கேப்டன்.

"ஐயோ, இல்லடி."

"முழியைப் பாரு. திருட்டு முழி. இவதான் போட்டுக் குடுத்தவ."

எத்தனையோ விஷயத்தை மறந்துபோனவள் இதை மறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறு டம்ளர் தண்ணீரை அவள் மேல் விசிறினாள். "என் வயித்துல அடிச்சுட்டு என்கூடவே உக்காந்து திங்கிறியா?" என்றாள். பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. ஊசி நனைந்த சட்டையோடு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடு. யாராவது ஒருத்தி வாங்கிக்கத்தானே வேணும்? அன்னிக்கு சொல்லுன்னும் சொல்லாம சொல்லாதேன்னும் சொல்லாம தப்பிச்சவ நான். மொத்தமா தப்பிக்க முடியுமா?" என்றாள். கேப்டன் இளைத்துக்கொண்டே போனதால் அவள் துணியெல்லாம் தொளதொளத்தது. அண்ணன் கொடுத்தனுப்பிய பேன்ட், சட்டை எல்லாவற்றையும் ஊசிதான் பிடித்துத் தைத்துக் கொடுக்கிறாள். "நான் தைச்சதுன்னு சொல்லிடாதே. போட்டுக்க மாட்டா" என்று மடித்துக் கையில் கொடுக்கிறாள்.

போன ஞாயிறு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். சோற்றை நான்தான் பிசைந்து வைக்கிறேன் இப்போதெல்லாம். கேப்டன் நன்றாகச் சாப்பிட்டாள். அவளுடைய தட்டிலிருந்து பெரிய துண்டாக எடுத்து என் தட்டில் வைத்தாள். "நீ தின்னு. நீ ஒருத்திதான் எனக்கு மிச்சம்" என்றாள்.

சொல்லாதே என்று அண்ணன் சொன்னது போனால் போகட்டும் என்று, அவள் இரண்டு கையையும் மேஜை மேல் பிடித்துக்கொண்டேன். மறுபடி ரோட்டில் இறங்கிவிடக் கூடாதே என்ற பயம் அதில் பாதி.

"கேப்டன், என்னைப் பாரு. ஊசி ஒண்ணும் செய்யலடி. ஸ்கூல்ல போய்ச் சொன்னது நான்தான். உன்கிட்ட முதல்ல சொல்லிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன். நான்தான்."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அது வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"போடி" என்றாள். கையை உருவி என் கன்னத்தைத் தட்டினாள். "அவளைக் காப்பாத்தப் பாக்குறே. அவ செஞ்ச பாவத்தை நீ தலையில தூக்கி வச்சுக்கிறே. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லடி, நெஜமா..."

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள். "சோறு ஆறுது, சாப்பிடு."

மூன்று மணிக்கு அண்ணன் வந்தார். தூங்கி எழுந்த முகம், கன்னத்தில் தலையணைக் கோடு. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து, கல்லாக்காரரிடம் என்னைக் காட்டி, "இவளை நல்லா கவனிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.